எடையில் ஏறாத ஓட்டம்

(குன்னூரில் பள்ளி மாணவிகளும் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடியிருந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கால்பந்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். நான் தராசிலிருந்து தொடங்குகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், பந்து சீக்கிரம் வந்துவிடும்.

என் அம்மா எஸ்டேட்டில் கொளுந்து எடுத்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே எடை போடும் இடத்துக்கு ஓடுவேன். பெண்கள் வரிசையாக நிற்பார்கள். மூட்டையைத் தராசுக் கொக்கியில் மாட்டுவார்கள், முள் ஆடி நிற்கும், கணக்குப்பிள்ளை ஓர் எண்ணைச் சொல்லிச் சீட்டில் எழுதுவார். அம்மாவின் நாள் அந்த எண்ணோடு முடிந்தது. விடியற்காலைப் பனியில் சரிவு ஏறியது, கவாத்து வெட்டிய குச்சி கணுக்காலைக் கிழித்தது, அட்டை கடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே அடுத்த செடிக்குப் போனது, இதெல்லாம் அந்த முள்ளை ஒரு நூல்கூட அசைக்காது. அந்த எண்ணைப் பொய் என்று சொல்லமாட்டேன். அதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. ஆனால் சீட்டை மட்டும் பார்த்தவருக்கு என் அம்மா எப்படி வேலை செய்தார் என்று தெரிய வழியில்லை.

முப்பது வருஷம் இந்த மலைப் பள்ளிகளில் டிரில் டீச்சராக இருந்துவிட்டு இப்போது யோசித்துப் பார்த்தால், கால்பந்தில் ஃபார்வர்டு ஆடுகிற பெண்ணின் கதையும் இதுதான் என்று தோன்றுகிறது. அவளுக்கும் ஒரு தராசு மாட்டி வைத்திருக்கிறோம். அதற்குப் பெயர் கோல்.

ஆட்டம் தொண்ணூறு நிமிடம். அதில் ஒரு ஃபார்வர்டின் காலில் பந்து இருக்கும் நேரத்தை எல்லாம் கூட்டினால் சில நிமிடம் தேறும். மிச்ச நேரம் அவள் என்ன செய்கிறாள்? வகுப்பில் கேட்டால், "சும்மா நிக்கிறா மிஸ்" என்பார்கள். கொஞ்சம் அவளை மட்டும் பாருங்கள். எதிரணித் தடுப்பாட்டக்காரி ஒருத்தியைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடுகிறாள். அந்தத் தடுப்பாட்டக்காரி விட்டுப்போன இடத்தில் பின்னாலிருந்து தோழி வந்து புகுகிறாள், கோல் போடுகிறாள். ஸ்கோர் பலகையில் தோழியின் பெயர். இழுத்துக்கொண்டு ஓடியவள் பெயர் எங்கேயும் இல்லை.

ஆஃப்சைடு விதியை எடுத்துக்கொள்ளுங்கள். தோழி பந்தை உதைக்கும் அந்த நொடியில், எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளைத் தாண்டி இவள் பந்துக்கு முன்னால் நிற்கக் கூடாது. அரை நொடி முந்தினால் கொடி ஏறும். அரை நொடி பிந்தினால் பந்தைத் தடுப்பாட்டக்காரி எடுத்துக்கொள்வாள். ஆகவே இவள் பந்தைப் பார்த்து ஓடுவதில்லை. தோழியின் இடுப்பு திரும்புகிறதா, தலை நிமிர்கிறதா என்று பார்த்து ஓடுகிறாள். பத்துத் தடவை ஓடினால் இரண்டு தடவை பந்து வரும். மற்ற எட்டுத் தடவையும் திரும்பி நடந்து வந்து, முகத்தைச் சுளிக்காமல், பதினோராவது ஓட்டத்துக்குத் தயாராக வேண்டும். அந்தச் சுளிக்காத முகத்தைப் பழக்குவதுதான் பயிற்சியிலேயே கஷ்டமான பாடம்.

இப்போது ஒரு பெயர் சொல்கிறேன். சந்தியா ரங்கநாதன். கடலூர் மாவட்டத்துக்காரர், 1996-இல் பிறந்தவர், இந்திய அணியின் முன்களத்தில் ஆடியவர்.

மலையில் நின்றுகொண்டு எதற்குக் கடற்கரைப் பெண்ணின் கதை என்று கேட்பீர்கள். காரணத்தோடுதான் எடுத்தேன். நம் ஊரில் யாரைக் கேட்டாலும், மலைப்பிள்ளைக்கு மூச்சு அதிகம், தொடையில் பலம் அதிகம் என்பார்கள். உதகை 2,240 மீட்டர் உயரம், நம் குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர். இங்கே ஏறி இறங்கி வளர்ந்த பிள்ளைக்குப் பலம் இருக்கத்தான் செய்யும். கடலூர் கடல் மட்டத்து ஊர். அங்கே மூச்சுக்கு ஒரு சலுகையும் கிடையாது. ஆனால் தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்துக்கு ஊற்று எங்கே என்று கேட்டால் முதலில் கடலூரைத்தான் சொல்லவேண்டியிருக்கிறது. இந்திய அணிக்குப் பல ஆண்டு ஆடிய இந்துமதி கதிரேசனும் அந்த ஊர்தான். அப்படியானால் பலம் மட்டும் போதாது என்றாகிறது. கடலூரில் வேறு என்ன இருந்தது?

சந்தியா சிறு வயதில் அரசுக் காப்பகத்தில் தங்கிப் படித்தவர். இதை அவரே பேட்டிகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அங்கே அவருக்கு முன்னால் கால்பந்து ஆடிய அக்காமார் இருந்தார்கள். போட்டிக்குப் போய்விட்டு வந்து, பார்த்த ஊர்களையெல்லாம் கதையாகச் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் தனக்கும் ஆசை வந்தது என்கிறார். கவனியுங்கள், முதலில் வந்தது பந்துகூட இல்லை, ஒரு அக்கா சொன்ன கதை. பிறகு மாரியப்பன் என்ற பயிற்சியாளர். ஊரைவிட்டுப் போகாமல் அங்கேயே இருந்து பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர் பயிற்சி தந்த இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி 2017–18 இந்திய மகளிர் லீக்கின் இறுதிச் சுற்றில் ஆடியது. நாடு முழுவதிலிருந்தும் வந்த ஏழு அணிகளில் ஒன்று, கடலூர் அணி.

அதே 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு அணி தேசிய சீனியர் போட்டியின் இறுதி ஆட்டத்தில் மணிப்பூரை 2–1 என்று வென்றது. மணிப்பூர் என்றால் சாதாரணமில்லை. அந்தக் கோப்பையை வீட்டுச் சாமான் மாதிரி வைத்திருந்த மாநிலம். தமிழ்நாட்டுக்கு அதுதான் முதல் முறை. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் கோப்பை வாங்கினார்கள். நடுவில் 2019 மே மாதம், மதுரைக்காரர்களின் சேது எஃப்.சி. லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3–1 என்று வென்று மகளிர் லீக் பட்டத்தைத் தூக்கியது.

சந்தியா சேதுவுக்கு ஆடினார், பிறகு கோகுலம் கேரளா அணிக்குப் போனார். 2023 மே மாதம் அகமதாபாத்தில் லீக் இறுதி ஆட்டம். கோகுலம் 5–0 என்று கிக்ஸ்டார்ட் அணியை வென்றது. அந்த ஐந்தில் ஒன்று சந்தியா போட்டது, ஒன்று இந்துமதி போட்டது. கடலூர் மைதானத்தில் ஒரே புழுதியைத் தின்ற இரண்டு பேர், ஒரே இறுதி ஆட்டத்தில், ஒரே அணிக்கு. அதன்பின் சந்தியா ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். 2024–25 பட்டம் அந்த அணிக்குப் போனது.

தராசுச் சீட்டில் இவ்வளவு எழுதலாம். இனி சீட்டில் ஏறாததைப் பார்ப்போம்.

முதலில் ஆட்ட நாள் கணக்கு. இந்திய மகளிர் லீக் முதன்முதலில் 2017 தொடக்கத்தில் நடந்தது. இறுதிச் சுற்றில் ஆறு அணி, தில்லியில் ஒரே மைதானம், மூன்று வாரத்துக்குள் எல்லாம் முடிந்துபோனது. அதன்பின் பல வருஷம் அப்படித்தான். ஏதோ ஓர் ஊரில் கூடாரம் அடித்து, அடுத்தடுத்து ஆடி, மூட்டை கட்டிக் கிளம்பிவிடுவார்கள். 2020–21-இல் கோவிட்டால் அதுவும் நடக்கவில்லை. சொந்த ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று என்று ஆடும் முறை 2023–24-இல்தான் வந்தது. ஏழு அணி, ஓர் அணிக்கு 12 ஆட்டம். அடுத்த பருவம் எட்டு அணி, 14 ஆட்டம். இங்கிலாந்தின் மகளிர் சூப்பர் லீக்கில் அதே பருவம் ஓர் அணிக்கு 22 ஆட்டம்.

இது ஏன் பெரிய விஷயம்? தோட்டத்து அம்மாக்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். கொளுந்தை வாரம் பத்து நாளுக்கு ஒரு முறை எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? முற்றிப்போகும். ஃபார்வர்டின் அரை நொடிக் கணக்கும் அப்படித்தான். தனியாக எத்தனை மணி நேரம் ஓடினாலும் அது வராது. எதிரில் நிஜமான தடுப்பாட்டக்காரி வேண்டும், நிஜமான விசில் வேண்டும். வருஷத்தில் மூன்று வாரம் மட்டும் ஆடி, மிச்ச நாளெல்லாம் தனியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு தலைமுறைப் பெண்கள், அப்படியும் கோல் போட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அடுத்தது சம்பளம். 2023-இல் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் ஒரு முடிவெடுத்தது. மகளிர் லீக்கில் ஆடும் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்திய ஆட்டக்காரிகளுக்கு ஒப்பந்தம் போடவேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 3.2 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று. பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், மாதம் 26,000 சொச்சம். நாட்டின் உச்ச லீக்கில் ஆடும் பெண்ணுக்கான அடிமட்டக் கோடு அது. குறை சொல்லத்தான் தோன்றும். ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கோடே கிடையாது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கோடு இல்லாத காலத்தில் எப்படிச் சமாளித்தார்கள்? வேலையால். இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கில் இந்தியாவே வீட்டுக்குள் இருந்தபோது அவர் சென்னைத் தெருக்களில் ரோந்து போய்க்கொண்டிருந்தார். மணிப்பூரின் பாலா தேவியும் போலீஸ்தான். ஆடுவது கிளப்புக்கு, உண்பது அரசாங்கச் சம்பளத்தில். நம் பெண்கள் கால்பந்து நெடுங்காலம் நின்றது அந்தச் சம்பளச் சீட்டின் மேல்தான். அதனால் ஒரு பெண்ணுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தால், "ஆட்டத்தை விட்டுவிட்டாள்" என்று பேசாதீர்கள். அவள் ஆட்டம் தொடர்வதே அதனால்தான்.

பாலா தேவியின் கதையை இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். இந்தியா கண்ட மிகப் பெரிய ஃபார்வர்டு அவர். 2018–19 லீக்கில் மட்டும் 26 கோல். 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப் அவரை ஒப்பந்தம் செய்தது. வெளிநாட்டுக் கிளப்பில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று பத்திரிகையெல்லாம் எழுதின. அடுத்த வாரம் அவருக்கு முப்பது வயது. மார்ச்சில் கோவிட், ஆட்டம் நின்றது. அறிமுகமில்லாத குளிரில், அறையில், காத்திருப்பு. டிசம்பர் 6-ஆம் தேதி மதர்வெல் அணிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரியாக இறங்கி முதல் கோல் போட்டார். ரேஞ்சர்ஸ் 9–0 என்று வென்ற ஆட்டம் அது. ஒன்பதில் ஒரு கோல், தராசில் லேசான எடைதான். கையெழுத்துப் போட்டதற்கும் அந்தக் கோலுக்கும் நடுவே கிடந்த பத்து மாதத்தை எந்தக் கொக்கியில் மாட்டுவது? அதற்கப்புறம் முழங்காலில் காயம். முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரிகளுக்கு அதிகம். பிள்ளைகளே, வார்ம்-அப் செய்யச் சொன்னால் சிரிக்கிறீர்களே, அதற்காகத்தான் சொல்கிறோம்.

இதெல்லாம் நம் நாட்டுக் குறை மட்டும் என்று நினைக்கவேண்டாம். நமக்கு இந்தப் பந்தைக் கொண்டுவந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் வீட்டுப் பெண்களுக்கு என்ன செய்தார்கள்? பிரெஸ்டன் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைப் பெண்கள் அணி, டிக் கெர் லேடீஸ் என்று பெயர். 1920 டிசம்பர் 26-ஆம் தேதி லிவர்பூலில் அவர்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் திரண்டார்கள். மறு வருஷம் டிசம்பரில், பெண்களுக்குக் கால்பந்து பொருந்தாது என்று சொல்லி, லீக் மைதானங்களில் அவர்கள் ஆடத் தடை போட்டார்கள். ஏறக்குறைய ஐம்பது வருஷம் நீடித்தது அந்தத் தடை. அந்த அணியின் பெரிய ஃபார்வர்டு லில்லி பார் தடைக்குப் பிறகும் வேறு மைதானங்களில் ஆடிக்கொண்டே இருந்தார். பிழைப்புக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை.

நம் பக்கத்திலும் ஓர் இழந்த காலம் உண்டு. கூடலூரிலிருந்து சுரம் இறங்கினால் வரும் கோழிக்கோட்டில், 1980 ஜனவரியில் ஆசியப் பெண்கள் கால்பந்துப் போட்டி நடந்தது. இந்தியா இரண்டாமிடம். 1983-இல் பாங்காக்கில் மறுபடியும் இரண்டாமிடம். அந்த அணியின் சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. அதற்குப் பிறகு கவனிப்பார் இல்லாமல் எத்தனை வருஷம் போனது! 2025 ஜூலை 5-ஆம் தேதி தாய்லாந்தை அவர்கள் மண்ணில் சியாங் மாயில் 2–1 என்று வென்றபோதுதான், தகுதிச் சுற்று ஆடி ஜெயித்து ஆசியக் கோப்பைக்குள் இந்தியா முதன்முறை நுழைந்தது. அன்று இரண்டு கோலும் போட்ட சங்கீதா பாஸ்போர் நடுக்கள ஆட்டக்காரி. அதற்கு மூன்று நாள் முன்பு ஈராக்கை 5–0 என்று வென்ற ஆட்டத்தில் ஒரு கோல் நம் தமிழ்நாட்டுப் பெண் கார்த்திகா அங்கமுத்து போட்டது.

சரி, மலைக்குத் திரும்புவோம். கால்பந்து இந்த மலைக்குப் புதிதில்லை. வெலிங்டனில் பட்டாளத்துக்காரர் ஆட்டம், அருவங்காட்டில் தொழிற்சாலைக்காரர் ஆட்டம், படுகர் ஹட்டிகளில் ஊர் மைதானத்துப் போட்டி, உதகையில் எச்.ஏ.டி.பி. மைதானம். பார்க்க ஆள் கூடும். ஆனால் மலையில் சமதளம் என்பது தங்கம் மாதிரி. இருக்கிற தங்கத்தைச் சாயங்காலம் யார் போட்டுக்கொள்கிறார்கள்? பையன்கள்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், பையன்கள் ஆடி முடித்ததும் பெண்கள் ஆடலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். தாராளமான அனுமதி. பையன்கள் முடிக்கும்போது கோல் கம்பமே தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கியிருக்கும். அதனால் நாங்கள் பள்ளிக்குப் பின்னால் இருந்த ஏற்றத்தில் ஆடினோம். மேல் கோல், கீழ் கோல். பாதி நேரத்தில் பக்கம் மாறுவோம், நியாயம் தவறக் கூடாதல்லவா? பந்து உருண்டு தேயிலைக்குள் போனால் தேடி எடுப்பதே ஒரு தனி ஆட்டம். அந்த ஏற்றத்தில் மேல் நோக்கி ஓடின பிள்ளைகளை ஒரு முறை சமதளத்தில் விட்டபோது அவர்களை யாராலும் பிடிக்க முடியவில்லை. பலம் இருந்தது என்றேனே, அது இதுதான். ஆனால் அடுத்த வருஷம் பாதிப் பேர் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். கால்சட்டை போடக் கூடாது என்று சொன்ன வீடுகளும் உண்டு, ஆனால் அவை கொஞ்சம்தான். பெரும்பாலான அம்மாக்கள் சொன்னது வேறு. "மிஸ், மினி பஸ் போயிட்டா புள்ள நடந்துதானே வரணும்? வழியில காட்டெருமை நிக்குது. போன வாரம் கரடி வந்துச்சு." அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. என் பிள்ளையாக இருந்தால் நானும் அனுப்பமாட்டேன். ஒரு ஃபார்வர்டின் வாழ்க்கை எங்கே நின்றுபோகிறது என்று பெரிய ஆராய்ச்சியே வேண்டாம். சாயங்காலம் ஐந்தே முக்கால் மணிக்கு, ஒரு பஸ் நிறுத்தத்தில் நின்றுபோகிறது.

ஆகவே இங்கே கூடியிருக்கும் பெரியவர்களிடம் கோப்பை, சால்வை, பரிசுத் தொகை எதுவும் நான் கேட்க வரவில்லை. வாரத்தில் இரண்டு நாள், நான்கு மணியிலிருந்து ஐந்தரை வரை, மைதானம் பெண்களுக்கு மட்டும் என்று எழுதிப் போடுங்கள். பயிற்சி முடிந்ததும் வீட்டு வாசல்வரை கொண்டுவிட ஒரு ஜீப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஜீப் வாடகைக்கு நீங்கள் தரும் பணம் எந்த ஸ்கோர் பலகையிலும் வராது. காப்பகத்து அக்காமார் சொன்ன கதையும் வரவில்லை, மாரியப்பன் ஊரைவிட்டுப் போகாமல் இருந்ததும் வரவில்லை. ஆனால் அகமதாபாத்தில் அந்த இரண்டு கோலும் விழுந்தன.

என் கையில் இருக்கிறதே, இந்தப் பழைய நோட்டு, அந்த ஏற்றத்து ஆட்டங்களின் கணக்கு. முதல் பத்தியில் பெயர். இரண்டாவதில் கோல். மூன்றாவது பத்தி நானாகச் சேர்த்தது. பந்து வராமலே ஓடிய ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. இதில் ஒரு பிள்ளைக்கு அந்த வருஷம் முழுக்க கோல் பூஜ்யம். மூன்றாவது பத்தியில் கோடு போட இடம் போதாமல் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறேன். அவள் வராமல் போன பிறகு எங்கள் அணியில் மற்றவர்களும் கோல் போடவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவே ஒரு மாதம் ஆனது. யாரிடமும் நோட்டைக் காட்டியதில்லை. இன்று கொண்டுவந்திருக்கிறேன்; வேண்டியவர்கள் வந்து பாருங்கள்.

மணி மூன்றரை. பக்கத்து மைதானம் ஐந்தரைவரை காலியாக இருக்கிறதாம், கேட்டுவிட்டுத்தான் மேடை ஏறினேன். இரண்டு பந்து கொண்டுவந்திருக்கிறேன், வாசலில் ஜீப் நிற்கிறது. ஷூ இல்லாதவர்கள் அப்படியே வாருங்கள். அம்மாக்களும் வந்து கரையில் உட்காருங்கள், மூன்றாவது பத்தியில் கோடு போட எனக்கு ஆள் வேண்டும்.